முதலிடம் என்கிற பிழை

ஒன்றரை தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மிதிவண்டிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது கைதட்டியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி. இன்னொருவர் வேலியோரம் நின்ற தண்ணீர் பாட்டில்காரர். அவரும் கொசுவைத்தான் அடித்தார் என்று பிறகு தெரியவந்தது. மேடையில் இருந்த வாரியத்து ஆட்களோ, சாவு வீட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்கள்.

ஒன்றரை என்பது நண்பர்கள் வைத்த பெயர். கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து மூட்டை கட்டுவது அவன் வேலை. ஒரு நாள் சரக்கு வண்டி பின்னோக்கி வந்தது. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்கத்தான் செய்தார். அதில் தன் தலைமுடியைப் பார்த்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மிச்சம் இருந்த கணக்கைப் பெயராக வைத்துவிட்டார்கள். செயற்கைக்கால் மாட்டிய பிறகு, மூட்டு மடங்குவதற்காக சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தான். மூட்டு மடங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை. அவன் படும் பாட்டுக்கெல்லாம் மூல காரணம் அதுதான்.

அவனைப் பந்தயத்துக்கு இழுத்து வந்தவன் பல்லி. பிறவியிலேயே வலது கை முழங்கையோடு நின்றுபோனவன். ஒல்லியான உடம்பை வண்டியின் மேல் ஒட்டிவைத்தது போல ஓட்டுவான், அதனால் பல்லி. இருவரும் ஒரே தெரு. தினமும் ஒரே சண்டை: இரண்டு பேரில் யார் வேகம்?

"ஒரு காலை வெச்சுக்கிட்டு என்னை ஜெயிச்சுடுவியாடா?"

"ஒரு கையை வெச்சுக்கிட்டு நீ பிரேக் பிடிக்கறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிருப்பேன்."

ஒரே கோட்டில் இரண்டு பேரையும் நிறுத்தி ஒருவர் விசில் ஊதினால் தீர்ந்துபோகும் சண்டை. அந்த விசிலுக்கும் அவர்களுக்கும் நடுவில்தான் வாரியம் உட்கார்ந்திருந்தது.

தகவமைப்பு மிதிவண்டி விளையாட்டுகளுக்கான நேர்மை மற்றும் வகைப்பாட்டு வாரியம் என்பது முழுப்பெயர். சொல்லி முடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் வாரியம் என்றே சொல்வார்கள். அதன் வேலை எளிமையானது. உடற்குறை மிக அதிகமானவர்களை முதல் வகுப்பிலும், மிகக் குறைவானவர்களை ஐந்தாம் வகுப்பிலும், மற்றவர்களை இடையிலும் போட வேண்டும். ஒரே அளவு குறை உள்ளவர்கள் ஒருவரோடொருவர் மோத வேண்டும். இதில் தப்பு ஒன்றுமில்லை. ஒற்றைக் காலால் மிதிப்பவனையும் சுண்டுவிரல் மட்டும் மடங்காதவனையும் சேர்த்து நிறுத்தினால் அது பந்தயமாகாது, பாவமாகும். ஒன்றரைக்கு இது புரிந்தது. வாரியத்துக்கு இது கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது.

மூன்றாம் வகுப்பில் வென்ற ஒன்றரையை வாரியத் தலைவர் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். பதக்கம் தரப்போகிறார் என்று நினைத்து இவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான்.

"உங்களுக்கும் ரெண்டாவதா வந்தவருக்கும் எவ்வளவு இடைவெளி தெரியுமா தம்பி?"

"நல்ல இடைவெளிங்க ஐயா," என்று பல்லைக் காட்டினான்.

"சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரே மாதிரி ஆளுங்களைத்தான் நாங்க ஒரே வகுப்புல போட்டிருக்கோம். ஒரே மாதிரி ஆளுங்க ஒரே நேரத்துல வரணுமா, வேணாமா? நீங்க மட்டும் முன்னாடி வந்து நிக்கிறீங்க. அப்ப ஒண்ணு, நீங்க தப்பு. இல்லைன்னா நாங்க தப்பு." தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நியாயமாகவே யோசித்தார். "நாங்களா இருக்க வாய்ப்பில்லை. நாங்க வாரியம்."

"தினமும் காலையில ஏரிக்கரையில ஓட்டிப் பழகினேங்க."

"யாரைக் கேட்டுப் பழகுனீங்க?"

மறுசோதனைக்கு நாள் குறித்தார்கள்.

வாரியத்தின் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. பலகையே துருப்பிடித்திருந்தது. ஒன்றரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, நாக்குத் தள்ள மேலே போய்ச் சேர்ந்தான். கதவருகே ஒருவர் கடிகாரத்தோடு நின்று அவன் மூச்சு வாங்குவதைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"ஏறி வந்துட்டீங்களே!" என்றார் சந்தேகமாக.

"லிஃப்ட் ஓடலைங்களே."

"ஓடினா உங்க திறமை எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ஏற முடியாதவங்க?"

"அவங்க வரலைன்னு போட்டுடுவோம்."

உள்ளே மருத்துவர் அவனை மேசையில் படுக்க வைத்தார். பேன்ட்டைச் சுருட்டச் சொன்னார். ரப்பர் சுத்தியலை எடுத்து இடது காலில் ஒரு தட்டுத் தட்டினார். டொக் என்றது.

"வலிக்குதா?"

"அது செயற்கைக்கால் டாக்டர்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வலி உண்டா?"

"இல்லை."

"பிடிப்பு, சுளுக்கு, வீக்கம்?"

"அதுக்கு எப்படி டாக்டர்..."

"உண்டா, இல்லையா?"

"இல்லை."

"கடைசிச் சுற்றுல இந்தக் கால் சோர்ந்து போகுமா?"

ஒன்றரை நேர்மையானவன். "இது சோராது. மேல இருக்கிறதுதான் சோரும்," என்றான்.

"மேல உள்ளதைப் பத்தி நான் கேக்கலை. இதுக்கு என்ன வயசு?"

"மாட்டி ரெண்டு வருஷம் ஆகுது."

"நல்ல இளமையான கால்," என்று மருத்துவர் உதவியாளரிடம் சொல்லி எழுத வைத்தார்.

பிறகு வலது காலுக்கு வந்தார். அது பாவம், இரண்டு காலுக்கான வேலையை இரண்டு வருடமாகத் தனியாகப் பார்த்துவந்த கால். தொட்டதும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நரம்பு புடைத்திருந்தது. பாதத்தில் வெடிப்பு இருந்தது. மருத்துவர் 'ச்சு' கொட்டினார்.

"கழட்டிக் காட்டட்டுமா டாக்டர்?" என்று ஒன்றரை கடைசி முயற்சியாக இடது காலின் பட்டையில் கை வைத்தான்.

"கழட்டிட்டா பந்தயம் ஓட்டுறீங்க? பந்தயத்துல எப்படி இருக்கீங்களோ அப்படியே பார்க்கணும்னுதான் விதி. கையை எடுங்க."

முடிவு அன்றைக்கே வந்தது. ஒன்றரையின் குறை வலது காலில் இருப்பதாகவும், அது லேசானது என்றும், இடது கால் பாராட்டத்தக்க நிலையில் உள்ளது என்றும் கண்டறியப்பட்டு அவன் நான்காம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டான். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவதற்குப் படாத பாடு பட்டவன், இங்கே ஏறாமல் இருக்க வழி தெரியாமல் நின்றான்.

இருந்தாலும் படியிறங்கும்போது அவனுக்குள் ஒரு சந்தோஷம். நான்காம் வகுப்பில்தானே பல்லி இருக்கிறான்! தெருமுனையில் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவனிடம் போய், "டேய், வந்துட்டேன்டா நாலுக்கு. இனிமே தப்பிக்க முடியாது," என்றான்.

பல்லி பம்பைக் கீழே வைத்தான். "போன பந்தயத்துல எனக்குச் செயின் கழண்டுச்சு இல்லை?"

"ஆமா. கடைசியா வந்தே."

"கடைசியா வந்ததால குறை முத்திடுச்சாம். என்னை மூணுல போட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. மூன்றில் பல்லி வென்றான், நான்குக்கு ஏற்றினார்கள். அதற்குள் நான்கில் புதிய ஆட்களைக் கண்டு மிரண்டு கடைசியாக வந்த ஒன்றரையை மூன்றுக்கு இறக்கியிருந்தார்கள். மூன்றில் இவன் வென்றான். இவனை நான்குக்கு ஏற்றிய நாளில் பல்லியை ஐந்துக்கு ஏற்றினார்கள். பந்தய விஷயமாக இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டது அந்த மூன்று மாடிப் படிக்கட்டில் மட்டும்தான். ஒருவன் ஏறுவான், இன்னொருவன் இறங்குவான். "இப்ப எத்தனை?" "அஞ்சு. உனக்கு?" "நாலுன்னுதான் நினைக்கிறேன். மேல போய்க் கேக்கணும்."

"ஏங்க, வாரியம் எக்கேடோ கெட்டுப்போகட்டும். ஏரிக்கரையில ஒரு தடவை அவனோட ஓட்டிப் பார்த்துட்டு வந்து தொலைங்களேன்," என்றாள் மனைவி. கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துபவள். எதுவும் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பொறுக்காதவள். "வருஷக்கணக்கா இதே பேச்சு. சாப்பிடும்போதும் பல்லி, தூங்கும்போதும் பல்லி. எனக்கே மேலே ஊர்ற மாதிரி இருக்கு."

"ஏரிக்கரையில ஆள் போட்டிருக்காங்கம்மா."

உண்மைதான். திறமையை மறைத்துவைத்திருக்கும் வீரர்களைப் பிடிப்பதற்காக வாரியம் கண்காணிப்பாளர்களை நியமித்திருந்தது. ஏரிக்கரை பெஞ்சில் ஒருவர் தலைகீழாகச் செய்தித்தாள் பிடித்தபடி காலை முழுவதும் உட்கார்ந்திருப்பார். பந்தயத்துக்கு வெளியே வேகமாக ஓட்டியது தெரிந்தால் வாழ்நாள் தடை. அதனால் வீரர்கள் எல்லோரும் பிணத்துக்குப் பின்னால் போகிறவர்கள் மாதிரி மெதுவாகப் பயிற்சி செய்தார்கள். பெஞ்சைக் கடக்கும்போது மட்டும் "அம்மா, ஐயோ" என்று முனகுவார்கள். வாத்தியார் என்று பெயர்பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார், வலது முழங்கால் மடங்காதவர். அவர் முனகலில் ஒரு தேர்ச்சி இருந்தது. பெஞ்சில் இருந்தவரே ஒரு நாள் எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தார்.

அந்த ஆண்டு வாரியம் 'உற்றுநோக்கல் பந்தயம்' என்று ஒன்றை அறிவித்தது. பதக்கம் கிடையாது. ஓட்டும் விதத்தைப் பார்த்து ஒவ்வொருவரின் வகுப்பையும் நிரந்தரமாக முடிவு செய்வார்களாம். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒன்றரைக்கும் பல்லிக்கும் நம்பிக்கை வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி ஓட்டினால் ஒரே வகுப்பில் மாட்டிக்கொள்ளலாம்.

"மெதுவா ஓட்டு. கடைசிக்கு முன்னாடி வந்துடு. நான் உன் பக்கத்துலயே இருக்கேன்," என்றான் பல்லி.

இந்த யோசனை வந்தவர்கள் அவர்கள் மட்டும் இல்லை என்பது விசில் ஊதிய பிறகுதான் தெரிந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை. விசிலை இன்னொரு முறை ஊதினார்கள். வண்டிகள் நகர்ந்தன என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. முன்னால் போகிறவர் யார் என்பதில் பெரிய விட்டுக்கொடுத்தல் நடந்தது. "நீங்க போங்க சார்." "ஐயோ, பெரியவங்க நீங்க இருக்கும்போதா?" ஒருவர் வண்டியிலேயே கண்ணசந்தார். எல்லைக் கோட்டருகே நின்ற நாயொன்று கொட்டாவி விட்டு எழுந்து போய்விட்டது.

மிதிவண்டியை மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கடினம். ஒன்றரைக்கு இது பாதி வழியில் உறைத்தது. தொடை நடுங்கியது. கைப்பிடி இப்படியும் அப்படியும் ஆடியது. பக்கத்தில் பல்லி ஒற்றைக் கையால் சமாளித்தபடி, "விழுந்துடாதடா, விழுந்துடாதடா," என்று மந்திரம்போலச் சொன்னான். ஒன்றரை விழுந்தான். அவன் மேல் பல்லி விழுந்தான். பல்லி மேல் வாத்தியார் விழுந்து, முனகினார். பழக்கதோஷம்.

மேடையிலிருந்த மருத்துவர் எழுந்து நின்று கைதட்டினார். "இவ்வளவு குறைஞ்ச வேகத்துல இவ்வளவு நேரம் விழாம இருக்கணும்னா எப்பேர்ப்பட்ட சமநிலை வேணும்! நல்ல உடம்பு இருக்கிறவனாலகூட முடியுமா?"

"விழுந்துட்டோமே டாக்டர்!" என்று கீழேயிருந்து ஒன்றரை கத்தினான்.

"விழுந்த விதத்தையும் பார்த்தோம். அடிபடாம விழுந்திருக்கீங்க. அதுக்குத் தனிப் பயிற்சி வேணும்."

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். முகத்தில் களைப்பு தெரிந்தது. அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டவர்களுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை.

"அன்பான வீரர்களே! இந்த வாரியத்தை ஆரம்பிச்சபோது எனக்கு ஒரே ஒரு கனவுதான். எல்லாரும் ஒண்ணா கிளம்பணும், எல்லாரும் ஒண்ணா வந்து சேரணும். இத்தனை வருஷமா ஒண்ணா கிளம்புறீங்க. ஒரு தடவையாவது ஒண்ணா வந்து சேர்ந்திருக்கீங்களா? ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் முன்னாடி வந்துடுறார். அவரைத் தூக்கி வேற வகுப்புல போட்டா, அடுத்த தடவை இன்னொருத்தர் முன்னாடி வர்றார். எங்க உழைப்பை நீங்க மதிக்கலை. உங்க குறையை நாங்க புரிஞ்சுக்கிட்ட அளவுக்கு எங்க கஷ்டத்தை நீங்க புரிஞ்சுக்கலை. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதை நான் வெளிப்படையாவே சொல்றேன். தெரிஞ்சா ஒருதலைப்பட்சமா ஆயிடுவேன்னு கத்துக்கவே இல்லை. அந்த அளவுக்கு நேர்மையா இருக்கேன். ஆனா நீங்க? உங்களை வெச்சுக்கிட்டு நேர்மையான பந்தயம் நடத்த முடியலை. இதுக்கு ஒரே வழிதான் இருக்கு."

அந்த வழி சில வாரங்களில் அமலுக்கு வந்தது. எந்த இரண்டு உடம்பும் ஒன்றல்ல என்று வாரியம் கண்டுபிடித்தது. ஆகவே ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தனி வகுப்பு. ஒன்றரைக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பும் இல்லை, நான்காம் வகுப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் இன்னும் சில எண்கள் கொண்ட ஒரு வகுப்பு. அதில் அவன் மட்டும் இருந்தான்.

வெளியூரில் நடந்த இறுதிப் பந்தயத்தன்று ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். ஒன்றரை வெறும் ஓடுதளத்தின் கோட்டில் தனியாக நின்றான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பழக்கத்தில் முழங்கையை மடக்கி இடம் பிடித்துக்கொண்டான். விசில் ஊதினார்கள். சுற்றிவந்தான். துரத்துவதற்கு முன்னால் யாருமில்லை, தப்பிப்பதற்குப் பின்னால் யாருமில்லை. நடுவில் ஒரு முறை வண்டியை நிறுத்திச் செயற்கைக்காலின் பட்டையை இறுக்கிக்கொண்டான். ஒருவரும் அவனைத் தாண்டிப் போகவில்லை. பார்வையாளர் வரிசையில் மனைவி பாதி வரைக்கும் கைதட்டிவிட்டு, எதற்கென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

மூன்று படி உள்ள மேடையில் நடுப்படியில் ஏற்றினார்கள். கழுத்தில் தங்கப் பதக்கம் விழுந்தது. ஒலிபெருக்கி முடிவை அறிவித்தது. முதலிடம், ஒன்றரை. கடைசி இடம், ஒன்றரை. முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள வேறுபாடு, சுழியம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துக்கு இது போதும்," என்று மருத்துவரின் தோளில் சாய்ந்தார். தன் கண்ணெதிரே முழு நேர்மையை முதன்முதலாகப் பார்க்கிற மனிதனின் அழுகை அது. இறங்கலாமா கூடாதா என்று புரியாமல் ஒன்றரை நடுப்படியிலேயே நின்றான். "அடுத்தவர் வரணும், இறங்குங்க," என்று ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்தவர் பல்லி. அவனும் தங்கம். அவனும் கடைசி.

மாலையில் வாரியத்தினர் வெற்றிப் படம் எடுத்துக்கொள்வதற்காக ஏரிக்கரைப் பெஞ்சுக்காரர் உட்பட எல்லோரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். வீரர்களை அந்தப் படத்துக்குக் கூப்பிடவில்லை. ஒன்றரையும் பல்லியும் வாத்தியாரும் இன்னும் இரண்டு பேரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வந்தார்கள். மனைவி வேலைக்கு நேரமாகிவிட்டதென்று முன்பே கிளம்பியிருந்தாள். ரயில் நிலையத்துக்குப் போகிற சாலை, பாலம் ஏறி இறங்கி, நேராக நீண்டு கிடந்தது. ஐந்து பேர் கழுத்திலும் தங்கம். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ரயிலுக்கு நேரம் இருக்கா?" என்றார் வாத்தியார்.

"இருக்கு," என்றான் பல்லி. சாலையை முன்னும் பின்னும் பார்த்தான். செய்தித்தாள் எதுவும் கண்ணில் படவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "டேய் ஒன்றரை."

"என்னடா?"

பல்லி மிதித்தான்.

ஒன்றரை என்ன ஏதென்று யோசிக்காமல் அவன் பின்னால் பாய்ந்தான். மற்ற மூன்று பேரும் "ஏய், ஏய்!" என்று கத்திக்கொண்டே கிளம்பினார்கள். பாலத்தின் ஏற்றத்தில் ஒன்றரையின் வலது கால் பிடித்துக்கொண்டது, விடாமல் மிதித்தான். உச்சியில் பல்லியின் பின்சக்கரத்தைத் தொட்டுவிடலாம் போல இருந்தது. இறக்கத்தில் வாத்தியார், மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தோடு இருவரையும் தாண்டினார். அது முனகல் இல்லை. ரயில் நிலையத்து வாசல் மின்கம்பம்தான் எல்லை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கம்பத்தை வாத்தியார் முதலில் கடந்தார். பல்லி இரண்டாவது. அரைச் சக்கரம் பின்னால் ஒன்றரை.

மூச்சு திரும்புவதற்குள் சண்டை ஆரம்பித்தது.

"நீ சொல்லாம கிளம்பினே!" என்றான் ஒன்றரை. "திருட்டுப் பயலே."

"தோத்துட்டுப் பேசாத."

"உனக்கு ரெண்டு காலும் இருக்குடா. பாலம் ஏறும்போது யாருக்கு லாபம்?"

"இறங்கும்போது ஒத்தைக் கையில பிரேக் பிடிச்சுப் பாரு, அப்பத் தெரியும் யாருக்கு லாபம்னு. அந்த பயத்துலதான் வாத்தியாரை விட்டேன்."

"அப்ப என் முட்டிக்குக் கணக்கே இல்லையா?" என்று வாத்தியார் எகிறினார். "ரெண்டு பேரும் என்னைவிட எவ்வளவு சின்ன வயசு!"

"அதையும் சேர்த்தா எனக்கு நாலடி முன்னாடி விடணும்," என்றான் ஒன்றரை.

"உனக்கு நாலடின்னா எனக்கு ஆறடி."

"எதை வெச்சுடா ஆறு?"

நியாயமான கேள்விதான். வாத்தியார் நெற்றி வியர்வையைத் துடைத்தார். கணக்கு ஆசிரியருக்கே உரிய ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் மெல்லப் பரவியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்படிச் செய்யலாம். நம்மள்ல மூணு பேர் தனியா உட்கார்ந்து, ஒவ்வொருத்தருக்கும் என்ன குறைன்னு ஒரு அளவு..."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

ஒன்றரையின் கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, ரயில் ஏறிட்டீங்களா?"

"இல்லைம்மா. அடுத்ததுல வரோம்." செயற்கைக்காலின் பட்டையை ஒற்றைக் கையால் இறுக்கிக்கொண்டே வண்டியைப் பாலத்தின் பக்கம் திருப்பினான். "பல்லி கொஞ்சம் முன்னாடி வந்துட்டான். ஆனா அது சரியான பந்தயம் இல்லை. திரும்பி ஒரு தடவை ஓட்டறோம்."